ஏழு கிலோமீட்டர் ஆபீஸுக்கு எந்த எஞ்சின்?

வாசகர் கேள்வி: சொகுசு கார் வாங்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. புதிது வாங்கும் வசதி இல்லை, பழையதுதான். மூன்று கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். 2012 பி.எம்.டபிள்யூ. 520டி, டீசல், 1,30,000 கி.மீ. ஓடியது. 2014 மெர்சிடிஸ் பென்ஸ் ஈ 250, பெட்ரோல், 88,000 கி.மீ. 2013 ஆடி ஏ6 3.0 டி.டி.ஐ. குவாட்ரோ, ஆறு சிலிண்டர் டீசல், 1,05,000 கி.மீ. மூன்றுக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆடியில் ஏர் சஸ்பென்ஷன், பெரிய கண்ணாடிக் கூரை, 20 அங்குல வீல், கண்ணாடியில் வேகம் காட்டும் திரை என்று எல்லாமே இருக்கிறது. பென்ஸில் ஒன்றும் இல்லை, மொட்டையாக இருக்கிறது. என் ஆபீஸ் 7 கி.மீ. தூரம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 250 கி.மீ. தள்ளியிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய் வருவோம். வருடத்துக்கு 8,000 கி.மீ. ஓட்டினால் அதிகம். அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் வலி உண்டு, பின் சீட்டில் உட்காருவார். டீசலா பெட்ரோலா? நாலு சிலிண்டரா ஆறா? வசதிகளுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது? மனசு ஆடியில் இருக்கிறது. நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்த 7 கி.மீ. கணக்குதான். கார் வாங்க யோசனை கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் குதிரைத்திறனை எழுதுவார்கள், மைலேஜை எழுதுவார்கள். தாங்கள் தினமும் எங்கே போய் வருகிறார்கள் என்பதை மட்டும் எழுத மாட்டார்கள். 20 வருடத்துக்கு மேலாகப் பழைய கார்களைச் சோதித்துப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லும் வேலையில் இருக்கிறேன். வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: காலையில் ஸ்டார்ட் செய்த எஞ்சினை எவ்வளவு தூரம் போய் அணைப்பீர்கள்? இதற்கான பதிலில் பாதி முடிவு இருக்கிறது. உங்கள் விஷயத்தில் பாதிக்கும் மேலேயே இருக்கிறது.

7 கி.மீ. ஓடுவதற்குள் எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் சூடாகிவிடும், வெப்பம் காட்டும் முள்ளும் நடுவில் வந்து நின்றுவிடும். எஞ்சின் எண்ணெய் சூடாக அதைவிட நேரமாகும். புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டிக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். டீசல் கார்களில் டி.பி.எஃப். என்று ஒரு கரி வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குப் புகையின் வெப்பம் 550 முதல் 600 டிகிரி வரை ஏற வேண்டும். அந்த வெப்பத்தில் பத்து இருபது நிமிடம் இடைவிடாமல் ஓட வேண்டும். வெப்பத்தை ஏற்றுவதற்காக எஞ்சின் கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். இதெல்லாம் நெடுஞ்சாலையில் உங்களுக்குத் தெரியாமலேயே நடந்து முடிந்துவிடும். நீங்களோ எரிப்பு தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் ஆபீஸ் வாசலில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவீர்கள். எரியாமல் மிஞ்சிய டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து எஞ்சின் எண்ணெயில் கலக்கும். மாலையிலும் இதே கதை, மறுநாளும் இதே கதை.

இப்படி ஒரு காரை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டியவர் ஒரு பள்ளி ஆசிரியை, தினமும் 5 கி.மீ. போய் வருவார். காரை அவ்வளவு அக்கறையாக வைத்திருந்தார், சர்வீஸ் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்த்தால் மட்டம் அதிகபட்சக் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. எண்ணெய் கூடுகிறதே என்று அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார். கூடியிருந்தது டீசல். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் பேரிங், நீர்த்துப்போன எண்ணெயில் தேய்ந்து போயிருந்தது. அவர் செய்த ஒரே தவறு, தன் தூரத்துக்கு ஒத்துவராத எஞ்சினை வாங்கியதுதான். அதுவும் அவர் தவறில்லை. டீசல் என்றால் மைலேஜ் என்று மட்டும் சொல்லி, மற்றதைச் சொல்லாமல் விட்டவர்களின் தவறு.

உங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீண்ட பயணம் இருக்கிறது. அது போதாதா என்று கேட்பீர்கள். ஒரு நல்ல நெடுஞ்சாலை ஓட்டம் வடிகட்டியைச் சுத்தம் செய்துவிடும், உண்மைதான். ஆனால் நகர ஓட்டத்தில் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த எரிப்பு தேவைப்படும். இரண்டு அண்ணன் வீட்டுப் பயணங்களுக்கு நடுவில் நீங்கள் 800 கி.மீ. போல ஊருக்குள்ளேயே ஓட்டிவிடுவீர்கள். அதற்குள் தொடங்கிய எரிப்பு பல தடவை பாதியில் நின்றிருக்கும்.

இனி மைலேஜ். உங்கள் நண்பர்கள் இதில்தான் அதிகம் வாதாடியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த மூன்று கார்களும் விற்பனைக்கு வந்த காலத்தில் ஐரோப்பாவில் என்.இ.டி.சி. என்ற பழைய சோதனை முறை இருந்தது. ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் காரை நிறுத்தி 1,180 வினாடி ஓட்டுவார்கள். மொத்தம் 11 கி.மீ., சராசரி வேகம் மணிக்கு 34 கி.மீ.கூட வராது. ஏ.சி. ஓடாது. அந்தச் சோதனையில் 520டி 100 கி.மீ.க்குச் சுமார் 5 லிட்டர் குடித்தது. ஆறு சிலிண்டர் ஆடியும் பெட்ரோல் பென்ஸும் ஏறக்குறைய 6 லிட்டர் என்று காட்டின. 2001-இல் இந்த ஆய்வுக்கூடக் கணக்குக்கும் சாலைக் கணக்குக்கும் இருந்த இடைவெளி 9 சதவீதம் போல. 2015-இல் அது 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 2017 செப்டம்பரில் டபிள்யூ.எல்.டி.பி. என்ற கடினமான சோதனை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, விளம்பரத் தாளில் இருக்கும் எண்ணை வைத்து 2012, 2013, 2014 கார்களை ஒப்பிடாதீர்கள்.

உங்கள் 8,000 கி.மீ.யை நான் இப்படிப் பிரித்துப் பார்த்தேன்: ஊருக்குள் 5,000, நெடுஞ்சாலையில் 3,000. என் அனுபவத்தில் இந்த அளவுள்ள நாலு சிலிண்டர் டீசல் ஊருக்குள் லிட்டருக்கு 11, வெளியில் 18 கி.மீ. தரும். நாலு சிலிண்டர் டர்போ பெட்ரோல் 8, 13 தரும். நாலு சக்கரமும் இழுக்கும் ஆறு சிலிண்டர் டீசல் 8.5, 14. பெருக்கி வகுத்தால் வருடத்துக்கு 520டிக்கு 620 லிட்டர், பென்ஸுக்கு 855, ஆடிக்கு 800 என்று வருகிறது. இதில் ஆடியைக் கவனியுங்கள். டீசல் என்பதற்காகவே நீங்கள் நினைத்து வைத்திருக்கும் மிச்சம் அங்கே 55 லிட்டர்தான், ஒரு டேங்க்கூட நிறையாது. 520டி உண்மையாகவே மிச்சப்படுத்துகிறது. வருடத்துக்கு 235 லிட்டர், அதாவது மூன்று டேங்குக்குச் சற்று அதிகம். அதை உங்கள் ஊர் விலையால் பெருக்கி ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு இதே கார்களுக்கு ஒரு டி.பி.எஃப்., டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒரு செட், ஒரு டர்போ என்ன விலை என்று பார்ட்ஸ் கடையில் கேட்டு, பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை வருடச் சேமிப்பை ஒரே பில் விழுங்கும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

வருடத்துக்கு 25,000 கி.மீ. ஓட்டுகிறவர், அதுவும் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், தயங்காமல் டீசல் என்று எழுதியிருப்பேன். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் ஆற்றல் அதிகம். எஞ்சினும் அதை இன்னும் திறமையாகப் பயன்படுத்தும். அப்படிப்பட்ட ஓட்டத்துக்கு டீசலை மிஞ்ச ஆளில்லை. உங்கள் ஓட்டம் அது இல்லை, அவ்வளவுதான்.

டீசலில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. 2012, 2013 வாக்கில் வந்த பெரும்பாலான டீசல் கார்கள், புகைக்கு ஐரோப்பா வகுத்த அளவுகோல்களில் யூரோ 5 தரத்தவை. லண்டன் நகரம் 2019 ஏப்ரலில் கொண்டுவந்த விதியின்படி கட்டணம் இல்லாமல் உள்ளே வர டீசல் காருக்கு யூரோ 6 வேண்டும், பெட்ரோல் காருக்கு யூரோ 4 போதும். பெருநகரங்கள் போகும் திசை இதுதான். நாளைக்கு நீங்கள் இந்தக் காரை விற்கப் போகும்போது வாங்க வருகிறவரும் இதை யோசிப்பார்.

நாலா ஆறா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்களின் ஏற்ற இறக்கம் முழுதாக ஈடாவதில்லை. எஞ்சின் ஒருமுறை சுழலும்போது இரண்டு தடவை ஒரு சின்ன அதிர்வு எழும். ஆறு சிலிண்டர் அதைவிட மென்மை, இழுவையும் தாராளம். அந்த ஆடியின் 245 குதிரைத்திறன் நெடுஞ்சாலையில் முந்திச் செல்லும்போது ஒரு சுகம், மறுக்கவே மாட்டேன். ஆனால் வி வடிவ ஆறில் இரண்டு பக்கமும் சிலிண்டர்களை மூடும் தலைகள், இரண்டு பக்கமும் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகள், அவ்வளவும் நெருக்கமாக அடைந்த எஞ்சின் அறை. கையை விட இடமில்லாத இடத்தில் எந்த வேலையும் நீளும். 7 கி.மீ. நெரிசலில் அந்த மென்மையை நீங்கள் எத்தனை நிமிடம் அனுபவிப்பீர்கள்? ஈ 250-இன் 211 குதிரைத்திறனே குடும்பத்தோடு போக மிகத் தாராளம்.

மூன்று எஞ்சின்களையும் பற்றித் தனித்தனியாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விற்பவரிடம் கேட்க உங்களுக்கு உதவும்.

520டியில் இருக்கும் எஞ்சினுக்கு என்47 என்று பெயர். நல்ல எஞ்சின், சிக்கனமானது. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் அதன் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கத்தில், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. 2007 முதல் 2011 வரை செய்யப்பட்ட எஞ்சின்களில் இந்தச் செயின் சீக்கிரம் தேய்வது பரவலாகத் தெரிந்த விஷயம். முன்பக்கம் இருந்தால் சில மணி நேரத்தில் மாற்றலாம். பின்பக்கம் இருப்பதால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கினால்தான் கை போகும். 2012 கார் அந்தக் காலக்கட்டத்தைத் தாண்டியது என்றாலும் 1,30,000 கி.மீ. ஆகிவிட்டதால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பின்பக்கத்திலிருந்து உரசலோ கிலுகிலுப்போ வருகிறதா என்று கேட்காமல் நகரக்கூடாது. 2018-இல் பி.எம்.டபிள்யூ. தன் டீசல் கார்கள் பலவற்றை, இ.ஜி.ஆர். கூலர் (எஞ்சினுக்கே திரும்பிப் போகும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) கசிந்து தீப்பிடிக்கும் ஆபத்து இருந்ததால் திரும்ப அழைத்தது. பிறகு அந்தப் பட்டியல் விரிந்தது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் இந்தக் கார் அதில் உண்டா, வேலை முடிந்ததா என்று டீலரே சொல்லிவிடுவார். கேட்க ஐந்து நிமிடம் ஆகாது.

ஆடியின் வி6 டீசலிலும் செயின் பின்பக்கம்தான். அதன் ஏழு கியர் எஸ் டிரானிக் கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச்கள் எண்ணெயில் மூழ்கி ஓடும். அந்த எண்ணெயை 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்தக் கார் 1,05,000 ஓடியிருக்கிறது. ஒருமுறை மாற்றிய பில் கண்டிப்பாக இருக்க வேண்டும். 'மாத்தியாச்சு சார், பில் எங்கேயோ இருக்கு' என்று சொன்னால், மாற்றவில்லை என்றே கணக்கில் வையுங்கள். 2015-இல், ஆடியும் அங்கமாக இருக்கும் போக்ஸ்வாகன் குழுமம் சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்ட மென்பொருள் வைத்த மோசடி வெளியே வந்த பிறகு ஆடியின் 3.0 டீசல்களும் விசாரணைக்கு உள்ளாயின. மென்பொருள் திருத்தம் இந்தக் காருக்குச் செய்யப்பட்டதா என்பதையும் சேஸிஸ் எண்ணை வைத்து விசாரியுங்கள்.

பென்ஸின் பெட்ரோல் எஞ்சின் எம்274. குற்றமே இல்லாத எஞ்சின் என்று சொல்ல மாட்டேன். குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது ஓரிரு வினாடி கரகரவென்று சத்தம் வந்தால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டின் அட்ஜஸ்டர் தேய்ந்திருக்கலாம். பென்ஸின் பல பெட்ரோல் எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட் காந்தங்கள் வழியாக எண்ணெய் கசிந்து, வயருக்குள்ளேயே ஊர்ந்து சென்சார்கள் வரை போய்விடும். அந்தக் காந்தத்தின் பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பிடித்துவிட்டால் சின்னச் செலவு, விட்டுவிட்டால் வயரிங்கையே மாற்ற வைக்கும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின் என்பதால், குறுகிய ஓட்டத்தில், காற்று உள்ளே நுழையும் இன்டேக் வால்வுகளில் கரி படியும். அதனால் பெட்ரோல் எஞ்சினும் உங்கள் 7 கி.மீ.யால் பாதிக்கப்படவே செய்யும். புத்தகத்தில் போட்ட கெடுவுக்குக் காத்திருக்காமல் வருடத்துக்கு ஒருமுறை, 8,000 கி.மீ. ஆனாலும் ஆகாவிட்டாலும், எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

கியர்பாக்ஸ் எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று சொல்லப்படும் கியர்பாக்ஸ்கள் உண்டு. 520டியில் இருக்கும் எட்டு கியர் பெட்டியைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே அந்த எண்ணெயை 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவரே சொல்லும்போது ஆயுள் கணக்கை நம்ப வேண்டியதில்லை.

இப்போது வசதிகளுக்கு வருகிறேன். உங்கள் மனசு ஆடியில் நிற்பதற்குக் காரணம் இதுதான் என்பதால் இதை நிதானமாகவே எழுதுகிறேன்.

புதுக் காரில் ஒவ்வொரு வசதியும் ஒரு வரம். பத்து வருடத்துக்கு மேல் ஆன காரில் அதே வசதி, எப்போதாவது பழுதாகக் காத்திருக்கும் ஒரு பொருளும்கூட. யானையை மலிவாக வாங்கிவிடலாம், தீனியின் விலை குறையாது என்பார்களே, அதேதான். காரின் விலை வருடா வருடம் இறங்குகிறது. அதற்கான பார்ட்ஸ் விலை, கார் புதிதாக இருந்தபோது எந்த உயரத்தில் இருந்ததோ அங்கேயேதான் நிற்கிறது.

ஏர் சஸ்பென்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சுருளுக்குப் பதில் காற்று அடைத்த ரப்பர் பை. புதிதாக இருக்கும்போது மிதப்பது போல இருக்கும். வருடங்கள் போகப் போக ரப்பரின் மடிப்புகளில் வெடிப்பு விழும், காற்று மெல்லக் கசியும். குறைந்த காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். கடைசியில் பையோடு கம்ப்ரஸரும் போகும். இதைக் கண்டுபிடிக்க கருவி எதுவும் வேண்டாம். மாலையில் சமதரையில் நிறுத்தச் சொல்லி, நாலு மட்கார்டுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் அந்தக் காரை நான் வாங்க மாட்டேன்.

கண்ணாடிக் கூரையின் ஓரங்களில் மழைநீர் வடிய மெல்லிய குழாய்கள் இருக்கும். இலைச் சருகும் தூசியும் அவற்றை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கித் தரை விரிப்புக்கு அடியில் தேங்கும். சொகுசுக் கார்களில் மின்னணுப் பெட்டிகள் பலவற்றை அந்தத் தரைக்குக் கீழேதான் வைக்கிறார்கள். ஒரு காரில் இடையிடையே ரேடியோ தானாக அணைகிறது, கதவு பூட்ட மறுக்கிறது என்று மாதக்கணக்கில் பெட்டி பெட்டியாக மாற்றியிருந்தார்கள். நான் விரிப்பைத் தூக்கியபோது கீழே ஸ்பாஞ்ச் முழுக்க நனைந்து கிடந்தது. கூரைக் குழாயில் ஒரு கை சருகு. நீங்கள் பார்க்கும் எந்தக் காரிலும், நாலு மூலை விரிப்பையும் கையால் அழுத்திப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள்.

கண்ணாடியில் வேகம் காட்டும் திரை நல்ல வசதிதான், சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டாம். ஆனால் அதற்கு முன் கண்ணாடியே தனி. பிம்பம் இரட்டையாகத் தெரியாமல் இருக்க, கண்ணாடியின் நடு அடுக்கு ஆப்பு போல ஒருபக்கம் தடித்து இருக்கும். ஒரு கல் பட்டு வெடித்தால் சாதாரணக் கண்ணாடியைப் போட முடியாது. நாலு சக்கரமும் இழுக்கும் குவாட்ரோவும் அப்படியே. நாலு சக்கரமும் ஒரே அளவில் சுழல வேண்டிய அமைப்பு அது. ஒரு டயர் கிழிந்தால், மற்றவை பாதி தேய்ந்திருக்கும் பட்சத்தில், ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது நல்லதில்லை. பழைய காரின் வரைபடத் திரையை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆப்பிள் கார்பிளே வந்ததே 2014-இல்தான். கையிலிருக்கும் போன் அந்தத் திரையைவிட நன்றாக வழி காட்டும். பின்பக்கக் கேமராவும் அப்படித்தான், பிறகு பொருத்திக்கொள்ளலாம்.

பிறகு சேர்க்க முடியாதவற்றைத்தான் வாங்கும்போதே பார்க்க வேண்டும். நல்ல சீட், பின் இருக்கைக்குத் தனி ஏ.சி. துவாரம், வெளிச்சமான ஹெட்லைட், பக்கவாட்டு ஏர்பேக்குகள். அதோடு உங்கள் விஷயத்தில் எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் முழங்கால்.

அப்பாவை அழைத்துக்கொண்டு போங்கள். நீங்களே ஓட்டிப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். அவர் பின்கதவைத் தானே திறந்து, தானே உட்கார்ந்து, தானே எழுந்து வரட்டும். சீட்டின் உயரம், கதவுத் திறப்பின் அகலம், முன் சீட்டுக்குக் கீழே பாதம் நுழையும் இடம், இவையெல்லாம் எந்த விவரத் தாளிலும் இருக்காது. பிறகு அவர் பின்னால் இருக்கும்போதே ஒரு மோசமான சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். 20 அங்குல வீலில் டயரின் பக்கச் சுவர் மிக மெலிது. பள்ளத்தின் அடி நேராக இடுப்புக்கு வரும். பஞ்சராகியும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன் பிளாட் டயர்களின் பக்கச் சுவர் கெட்டியானது, அதுவும் அடியைக் குறைக்காது. பி.எம்.டபிள்யூவில் அது இருக்க வாய்ப்பு அதிகம், பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டை என்று நீங்கள் சொல்லும் பென்ஸில் 17 அங்குல வீலும் உயரமான டயரும் இருந்தால், அண்ணன் வீட்டுக்குப் போகும் 250 கி.மீ.யில் அப்பாவுக்கு அதைவிடப் பெரிய வசதி இல்லை.

இதுவரை படித்ததிலிருந்து என் சாய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்றில் பென்ஸைத்தான் முதலில் சோதிக்கச் சொல்வேன். உங்கள் தூரத்துக்குப் பெட்ரோல் பொருந்துகிறது, பழுதாகும் பொருட்கள் குறைவு, ஓட்டமும் குறைவு. ஆனால் அந்த 88,000 உண்மையா என்பதை நிரூபித்தாக வேண்டும். கிலோமீட்டர் கணக்கு முள் பலகையில் மட்டும் இல்லை, காரின் வேறு சில மின்னணுப் பெட்டிகளிலும் பதிவாகியிருக்கும். நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் அவற்றைப் படித்து ஒப்பிடுவார். பலகையில் 88,000 இருந்து, கியர்பாக்ஸ் பெட்டியில் 1,40,000 இருந்தால் அங்கேயே கைகுலுக்கி விடைபெற்றுவிடுங்கள். அடுத்து சர்வீஸ் பில்கள். புத்தகத்தில் குத்திய முத்திரையை நான் பெரிதாக நம்புவதில்லை. தேதியும் கிலோமீட்டரும் போட்ட பில்களை வரிசையாக அடுக்கினால், காரை வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். டயரையும் பாருங்கள். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. நாலும் ஒரே நல்ல பிராண்ட், அடுத்தடுத்த வாரங்களில் செய்தவை என்றால் அந்த உரிமையாளர் சிக்கனம் பார்க்க வேண்டிய இடத்தையும் பார்க்கக்கூடாத இடத்தையும் அறிந்தவர். நாலும் நாலு விதம் என்றால், கண்ணுக்குத் தெரியாத எண்ணெயிலும் அவர் அப்படித்தான் நடந்திருப்பார்.

பென்ஸ் இந்தச் சோதனையில் தோற்று, 520டி எல்லாப் பில்லோடும் சுத்தமாக நின்றால்? அப்போது 520டியை வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. மாதம் இரண்டு முறை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வர உங்களால் முடிய வேண்டும். முடியாது என்றால் வாங்காதீர்கள், இன்னொரு பெட்ரோல் காருக்குக் காத்திருங்கள். இந்த வயதுக் கார்கள் சந்தையில் நிறைய வருகின்றன, அவசரமே இல்லை. ஆடியைப் பொறுத்தவரை, உங்கள் ஆசையைக் குறைத்துப் பேசவில்லை. அது அருமையான கார், ஊர் ஊராகப் போகிறவருக்கு ஏற்றது. இந்த ஓட்டத்துக்கு அது வேண்டாம் என்று நேராகவே சொல்கிறேன்.

எதை வாங்கினாலும் கையிலிருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருடத்துக்கு ஒதுக்கி வையுங்கள். எல்லா எண்ணெய்களும், பிரேக் திரவமும், பேட்டரியும், ஒருவேளை டயர்களும் அதற்குள் வரும்.

விற்பவரிடம் போன் செய்து, நாளை காலை நீங்கள் வரும்வரை எஞ்சினைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் முதலில் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள், அந்த முதல் இரண்டு வினாடிச் சத்தம் குளிர்ந்த எஞ்சினில் மட்டும்தான் கேட்கும். ஸ்கேன் அறிக்கையும் பில்களும் கிடைத்ததும் எனக்கு நகல் அனுப்புங்கள். அப்பா பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.